குல்லா மாட்டிய கால்

ஒன்பதாம் வகுப்பில், கொடைக்கானலில் நான் படித்த பள்ளியிலிருந்து எங்களை அலையாத்திக் காடு பார்க்க முத்துப்பேட்டைக்குக் கூட்டிப்போனார்கள். கடலோரம் வெயில் பொசுக்கும் என்று எவ்வளவு சொல்லியும் அம்மா கேட்கவில்லை. பையில் கம்பளிக் குல்லாவைத் திணித்துத்தான் அனுப்பினாள். பேத்துப்பாறைக்குக் கீழே காட்டை ஒட்டி எங்கள் வீடு. அம்மாவைப் பொறுத்தவரை எந்த ஊருக்குப் போனாலும் குளிரும். பஸ்ஸில் அந்தக் குல்லாவை ஆளாளுக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆளுக்கொரு விதைக்காயைச் சேற்றில் ஊன்றலாம் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். உப்புத் தண்ணீரில் வளரும் மரத்தை என் கையால் நட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

படகு காட்டோரம் நின்றதும் செருப்பைக் கழற்றிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. தேனுக்குப் போனாலும் சீயக்காய்க்குப் போனாலும் எங்கள் ஆட்கள் காட்டுக்குள் செருப்போடு கால் வைக்க மாட்டார்கள். சாமி இருக்கிற இடம். கடலுக்குள் நின்றாலும் காடு காடுதானே.

“ஏ பிள்ள, செருப்பப் போடு. சிப்பி கிழிச்சிரும்” என்றார் டீச்சர்.

“காட்டுக்குள்ள போட மாட்டோங்க டீச்சர்.”

“சரியான காட்டாளா இருக்கியே!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“ஆமாங்க, காட்டாளுதான். அதான் கழட்டுனேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. வேரில் ஒட்டியிருந்த சிப்பி உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. மலையில் முள் பார்த்திருக்கிறேன், அட்டை பார்த்திருக்கிறேன். சேற்றுக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? டீச்சர் எச்சரித்தது சரிதான். காட்டாளு என்று அவர் சொன்ன விதம்தான் இன்றைக்கும் எரிகிறது.

படகில் ஏற்றிக் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டார். பிறகு, “நீ இங்கயே உக்காரு. ஒன்னோடத வேற யாராச்சும் நடட்டும்” என்று கையை நீட்டினார்.

படகில் ஏறும்போதே ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த, முருங்கைக்காய் போல நீண்டிருந்த விதைக்காயை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“தர மாட்டேங்க.”

“வெறுங்காலோட ஒன்ன எறங்க விட மாட்டேன்.”

வெறுங்கால்தானே கூடாது? பையைத் திறந்து குல்லாவை எடுத்தேன். கட்டின் மேல் இழுத்து மாட்டி, சடை ரிப்பனை அவிழ்த்துக் கணுக்காலில் இறுக்கினேன். மறுகாலில் துண்டைச் சுற்றிக் கட்டினேன். கம்பளிக்குச் சாமி கோபித்துக்கொண்டதாக எங்கள் பக்கம் யாரும் சொன்னதில்லை.

“இப்ப வெறுங்கால் இல்லீங்க.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். ஆனால் வழி விடவில்லை. நான் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

முழங்கால்வரை சேறு. கால் விண்விண்ணென்று தெறித்தது. விதைக்காயை ஊன்றி, அது சாயாமல் நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் படகைத் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, சேறு காய்ந்து விறைத்துப்போன குல்லாவைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“செருப்பப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதான?”

“நீ போட்டுருப்பியாம்மா?”

அம்மா குல்லாவை எடுத்துக்கொண்டு துவைக்கப் போனாள்.