ஒரே தடவை விரித்த சீட்டு

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு யாரையும் கெஞ்சிப் பழக்கமில்லை. "குடிச்சிருப்பே", "தூக்கம் கெட்டிருக்கும்" என்று போதுமான பேர் சொல்லிவிட்டார்கள். அன்று நான் குடித்தது பால் ஊற்றிய டீ மட்டும். நடந்தது நட்ட நடு மதியம். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் என் முன்னால் வரட்டும்.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. நானும் என் மனைவி மர்ஜானின் தம்பி எல்ஜாஸும் காலை ஒன்பதரைக்கு அல்மாட்டியிலிருந்து காரில் கிளம்பினோம். மாதம் ஒருமுறை கப்சாகை போய், அங்கே சூதாட்ட விடுதியில் போக்கர் ஆடுவது எங்கள் வழக்கம். அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தவர்கள் அக்காவும் தம்பியும். வாசலில் நின்று மர்ஜான் சொன்னாள்: "எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். பத்திரமா கூட்டிட்டு வாங்க."

வழியெல்லாம் பனிமூட்டம். எல்ஜாஸ் காய்ந்த தயிர் உருண்டையை மென்றபடி வம்புக்கு இழுத்தான். "மாமா, போன மாசம் தோத்த அதே மூஞ்சியோட வந்திருக்கீங்களே. மாத்திட்டு வரக்கூடாதா?" அவனுக்கு இருபத்தாறு வயது. வாய் மட்டும் அறுபது வயதுக்காரனுக்கு இருக்கும்.

வினை 1:12-க்கு வந்தது. ஓர் ஆட்டத்தில் கடைசியாக நானும் அவனும் மட்டும் மிஞ்சினோம். அவன் கையில் மூன்று ஏஸ். என்னைத் துடைத்து எடுத்திருக்கலாம். ஆனால் பந்தயம் கட்டாமல் மேஜையைத் தட்டிவிட்டுச் சீட்டைத் திருப்பிக் காட்டினான். என் மேல் இரக்கமாம்! சொந்தக்காரனுக்கு விட்டுக்கொடுத்து ஆடுவது போக்கரில் களவாணித்தனம். மற்றவர்களை ஏமாற்றுவதற்குச் சமம்.

எதிரே இருந்த கெனாடி, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ரஷ்யக் கிழவன், சத்தமாகச் சிரித்தான். "குடும்பமா ஆடணும்னா வீட்லயே ஆடுங்கப்பா. எங்களை எதுக்கு உக்கார வெச்சிருக்கீங்க?" மேற்பார்வையாளர் வந்து எச்சரித்தார். பத்து வருடமாக அந்த மேஜையில் என் பெயர் கெட்டதில்லை. கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"டேய், உங்கிட்ட நான் பிச்சை கேட்டேனா?"

"மெதுவா, மாமா... எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஆடத் தெரியாதவன் எதுக்குடா இங்க உக்கார்றே? எந்திரி!"

எழுந்தான். பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளை அப்படியே விட்டுவிட்டு, என் கோட்டிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு போனான். மணி 1:24. சீட்டுப் போடும் பெண் அய்னாஷ், அவன் வில்லைகள் மேல் 'ஆள் இல்லை' என்ற அட்டையை வைத்தாள். நாற்பது நிமிடத்தில் வராவிட்டால் வில்லைகளை அள்ளிவிட்டு இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வெளியே மைனஸ் பதினெட்டு. காரையும் கொண்டுபோய்விட்டான். இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. கடைசியில் குரல் பதிவு அனுப்பினேன். "போனவன் அப்படியே போயிடு. என் மூஞ்சில முழிக்காதே." ஆமாம், நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான்.

மணி 2:04. அய்னாஷ் வில்லைகளை அள்ளக் கையை நீட்டினாள்.

க்ர்ர்ர்க்... நாற்காலி இழுபடும் சத்தம்.

எல்ஜாஸ் உட்கார்ந்திருந்தான்.

கோட்டு இல்லை. தோள் முழுக்கப் பனி. அந்தக் கூடத்தில் சட்டையோடு உட்கார்ந்தாலே வியர்க்கும். ஆனால் பனி கரையவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்திருந்தது.

"சாவி எங்கடா?"

அவன் பார்வை வில்லைகள் மேலேயே இருந்தது.

கெனாடி கழுத்துப் பட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டான். "எவன்யா கதவைத் தெறந்து போட்டது?"

கதவு மூடித்தான் இருந்தது.

மணி 2:13. அய்னாஷ் சீட்டுப் போட்டாள். எனக்கு இரண்டு ராணி. மேஜையில் மூன்று சீட்டு விரிந்தது. எல்ஜாஸ் தன் வில்லைகள் மொத்தத்தையும் முன்னால் தள்ளினான். நானும் தள்ளினேன். இருவரும் சீட்டைத் திருப்பினோம். கையிலும் மேஜையிலுமாக அவனுக்கு நான்கு இஸ்பேடு சேர்ந்திருந்தது. இன்னும் விரிக்க வேண்டியது இரண்டு சீட்டு. அதில் ஓர் இஸ்பேடு விழுந்தால் அவன் ஜெயிப்பான்.

இந்த மாதிரி நேரத்தில், இருவரும் ஒப்புக்கொண்டால், மீதிச் சீட்டை இரண்டு தடவை விரிக்கலாம். ஒரு தடவை தோற்றாலும் இன்னொரு தடவை இருக்கும். பாதியாவது மிஞ்சும். எனக்கும் அவனுக்கும் எப்போதும் இரண்டு தடவைதான். இதுவரை ஒருநாளும் மாறியதில்லை.

"எத்தனை தடவை?" என்று அய்னாஷ் கேட்டாள்.

"ரெண்டு தடவை, மாமா..."

குரல் அவனுடையதுதான். ஆனால் உதடு... அசையவில்லை.

கெனாடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஜையே பார்த்தது. இந்த முறை எவனும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று ஒரு வீம்பு.

"ஒரே தடவை," என்றேன்.

"மாமா... ரெண்டு..."

"ஒரே தடவைன்னா ஒரே தடவைதான்!"

என் மூச்சு புகையாக வந்தது.

அவன் வாயிலிருந்து... ஒன்றும் வரவில்லை.

முதல் சீட்டு. டைமன்.

இரண்டாவது. அதுவும் டைமன்.

ஜெயித்துவிட்டேன். வில்லைகளை வாரிக்கொண்டு நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

உட்காருமிடத்தில் ஒரு பிடி பனி. அப்படியே கிடந்தது.

சூதாட்ட விடுதிச் சுவரில் கடிகாரம் வைக்க மாட்டார்கள். என் போனைப் பார்த்தேன்.

2:17.

2:40-க்குப் போலீஸிடமிருந்து போன் வந்தது. மதியம் 1:40-க்கு அல்மாட்டி சாலையில் எங்கள் கார் லாரிக்கு அடியில் போயிருந்தது. கார் முகப்பு விடுதிப் பக்கம் திரும்பியிருந்ததாம். பாவி, திரும்பி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். என் குரல் பதிவை அவன் கேட்கவே இல்லை. போனில் அது இன்னும் கேட்காத செய்தியாகவே இருந்தது.

அவன் அன்று மேஜைக்கு வந்ததை அய்னாஷும் பார்த்தாள், கெனாடியும் பார்த்தான். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார்கள். விடுதியின் கேமராவில் என்ன பதிவாகியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு மர்ஜான் எனக்கு முன்பே வந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் எங்கள் இருவரையும் தனியே அழைத்துப் போனார்.

"ரெண்டு மணி நாலு நிமிஷத்துக்கு இதயம் நின்னுச்சு. கரண்ட் குடுத்தோம், வந்துட்டான். கண்ணைத் தெறக்கல. ஆனா முனகிட்டே இருந்தான். மறுபடி நின்னுச்சு. மறுபடி குடுத்தோம். பிடிக்கவே இல்ல. அப்போ மணி ரெண்டு பதினேழு."

"என்ன முனகினான்?" என்று மர்ஜான் கேட்டாள்.

"'ரெண்டு தடவை மாமா, ரெண்டு தடவை'ன்னு. அதையேதான் கெஞ்சிட்டு இருந்தான். எதைக் கேட்டான்னு உங்களுக்குத் தெரியுமா?"

மர்ஜான் என் பக்கம் திரும்பினாள்.

தெரியாது என்றேன்.