சிப்பு வைத்த வண்டி

எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளில் சோப்பு மணம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அரைகுறையாக எரிந்த டீசலின் நெடிதான் இருந்தது. அக்கா நர்சிங் படித்து முடித்து, நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போய்வந்த காலம் அது. அவளுடைய வெள்ளைச் சீருடையை அம்மா நீலம் போட்டு அலசிக் கொடியில் விரித்துவிட்டுத் திரும்புவதற்குள் சித்தப்பாவின் கார் முற்றத்துக்குள் நுழைந்து, நின்ற இடத்திலேயே ஒருமுறை உறுமி, கன்னங்கரேலென்று புகையைக் கக்கிவிட்டு அணையும். அம்மா துணியை எடுத்துக்கொண்டு மறுபடியும் துவைக்கிற கல்லுக்குப் போவாள். அதைப் புகை என்று சொல்ல சித்தப்பா யாரையும் விட்டதில்லை. அவர் அதற்கு வைத்திருந்த பெயர் "பவர்".

கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து உதியன்குளங்கரைக்குப் போகிற வழியில், ஹைவேயை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரே முற்றத்தைப் பங்கிட்டுக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு வீடு கட்டியிருந்தார்கள். அப்பா ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் வேலை பார்த்தார். சித்தப்பா சில வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். வந்த கையோடு ஒரு பழைய டீசல் கார் வாங்கியதால் எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் அவர் சொல்வதற்கு ஒரு தனி எடை கூடியிருந்தது. அப்பா மூத்தவர்தான், ஆனால் தம்பி பேச ஆரம்பித்தால் அண்ணன் தலையாட்டுவது என்பது எங்கள் குடும்பத்தில் எப்படியோ நிலைத்துவிட்ட வழக்கம்.

அந்தக் காரின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது பாட்டுக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டி. அதை ஓடவிடாமல் கெடுத்தது உதியன்குளங்கரையில் புதிதாக முளைத்த ஒரு கார் ட்யூனிங் கடையும், அந்தக் கடைக்காரன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட சித்தப்பாவும்தான். கடை என்றால் ஒரு ஷட்டர், வாசலில் தீ எரிகிற படம் போட்ட ஃபிளக்ஸ், உள்ளே ஒரு லேப்டாப், தலைமுடியைச் செம்பட்டையாக்கிய இரண்டு பேர். "மைலேஜும் கூடும், புல்லிங்கும் கூடும் சேட்டா" என்று மலையாளத்தில் அவர்கள் சொன்னதை சித்தப்பா வீட்டுக்கு வந்து தமிழில் சொன்னார். அதில் இருந்த முட்டாள்தனம் எந்த மொழிக்கு வந்தும் குறையவில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டியை, "சிப்" என்று பெயர் சொல்லி, எஞ்சினின் ஒயர்களுக்கு நடுவே செருகினார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊர் வாயில் அது "சிப்பு வச்ச வண்டி" ஆனது.

"எலே மக்கா, இது இப்பம் பழைய வண்டி இல்ல கேட்டியா, புலியாக்கும்" என்று அவர் என்னிடம் சொன்னபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். புலி எதற்கு நம் முற்றத்தில் என்று கேட்கிற துணிச்சல் அப்போது எனக்கு இல்லை.

புலி முதலில் கிளட்ச்சைத் தின்றது. பாறசாலை ரயில்வே கேட்டில் நின்று எடுக்கும்போதெல்லாம் ஏதோ தீய்கிற வாடை வந்தது. பிறகு எஞ்சினைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் விட்டது. பிறகு ஏதோ ஒரு குழாய் வெடித்தது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கிடம் போய்வந்து, "பவர் கூடினதுக்கு உள்ள அடையாளமாக்கும்" என்று விளக்கம் சொல்வார் சித்தப்பா. காய்ச்சல் வந்தவன் உடம்பு சூடாக இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மைலேஜ் விஷயத்தில் மட்டும் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை, ஏனென்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில் லிட்டருக்கு இத்தனை என்று ஓர் எண் எரிந்தது, சிப்பு வைத்த பிறகு அந்த எண் உண்மையிலேயே ஏறியிருந்தது.

அவர் ஏமாந்ததற்கு எங்கள் ஊர் மரியாதையும் ஒரு காரணம். எல்லையில் இருக்கிற எங்களுக்குக் களியக்காவிளை வந்துவிட்டால் தமிழ்நாடு. அங்கே டீசல் கொஞ்சம் விலை குறைவு. "எண்ண அடிக்கது அங்க" என்பது எங்கள் பக்கத்தில் சொல்லிக் கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மீன் வாங்கப் போனாலும், மார்த்தாண்டத்துக்குக் கல்யாணத் துணி எடுக்கப் போனாலும், போகிறவன் டேங்கை நிறைத்துக்கொண்டுதான் திரும்புவான். சித்தப்பாவின் காரோ சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான கார். ஒற்றசேகரமங்கலத்து அத்தை மகன் எடுப்பான், சித்தியின் தம்பி எடுப்பான். "ஒருத்தன் வண்டிய எடுத்தா எண்ண நெறச்சுத்தான் கொடுக்கணும், அதாக்கும் மரியாத" என்று அத்தை எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஆகவே வண்டி எப்போது வெளியே போனாலும் நிறைந்த வயிற்றோடு வரும். சித்தப்பா திரையைப் பார்ப்பார், டீசல் முள்ளைப் பார்ப்பார், முள் குறையவே இல்லை என்று பூரித்துப்போவார். ஊரே சேர்ந்து ஊற்றிய டீசலை அவர் அந்தக் கறுப்புப் பெட்டியின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு தப்பைச் செய்ய எல்லையில் பிறந்திருக்க வேண்டும், கூடவே கொஞ்சம் கர்வமும் வேண்டும்.

அக்காவுக்கு வளைகுடாவில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எத்தனையோ பரீட்சை, எத்தனையோ நேர்காணல் முடிந்து கிடைத்த வேலை. ஏஜென்சி எல்லா நர்சுகளையும் ஒரே விமானத்தில் ஏற்றி அனுப்புவதாக ஏற்பாடு. அன்றைக்கு வராதவர்களின் இடம் அடுத்தவர்களுக்குப் போகும் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா பாறசாலை ஸ்டாண்டில் ஒரு டாக்ஸி சொல்லி வைக்கலாம் என்றார். சித்தப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. "வீட்டுல புலி மாதிரி வண்டி நிக்கும்ப பிள்ளைய வாடகை வண்டியிலயா அனுப்புவிய? ஊருகாரன் என்ன செல்லுவான்?" என்றார். அப்பா வழக்கம்போல் தலையாட்டினார்.

அக்காவின் பயணம் இருக்கிறதே என்று அந்த வாரம் சொந்தக்காரர் யாரும் வண்டியைக் கேட்கவில்லை. நல்ல மனதோடு செய்த காரியம். ஆனால் யாரும் எடுக்கவில்லை என்றால் யாரும் டீசல் ஊற்றவும் இல்லை. சித்தப்பா மட்டும் ஊரெல்லாம் சுற்றி அக்காவின் பயணத்தைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒற்றசேகரமங்கலம் மேட்டில் ஏறி அத்தையை அழைத்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் ஜெபம், கண்ணீர், ஊறுகாய் பாட்டில்களைப் பெட்டிக்குள் திணிப்பது எல்லாம் முடிந்து நாங்கள் புறப்பட்டபோது நேரம் நெருங்கியிருந்தது. முன்னால் அப்பா, பின்னால் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அக்கா. நடுவில் இருந்ததால் முதலில் பார்த்தவள் அவள்தான்.

"சித்தப்பா, டீசல் லைட்டு எரியுது."

"எரியட்டு மக்கா. ஏர்போர்ட்டு போய்ச் சேந்து மிச்சமும் உண்டும்ணு எழுதிக் காணிக்குல்லா, இங்க பாரு" என்று விரலால் திரையைத் தட்டிக் காட்டினார்.

"வழியில உள்ள பம்புல கொஞ்சம் அடிச்சிட்டுப் போவம் சித்தப்பா."

"இங்கயா? இந்த வெலைக்கா? எனக்க வண்டிக்கு நான் இன்னேவரை கேரளத்து எண்ண விட்டதில்ல. வாறப்பம் களியக்காவிளையில ஃபுல் அடிப்பம்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். உதியன்குளங்கரை பம்பு எங்களைத் தாண்டிப் போனது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்றும் போனது. அக்கா மடியில் வைத்திருந்த பாஸ்போர்ட் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அமரவிளைப் பாலத்தின் நடுவில் வண்டி இரண்டு முறை குலுங்கியது, பிறகு அடங்கிவிட்டது. திரையில் ஏர்போர்ட்டுக்குப் போதுமான கிலோமீட்டர் அப்போதும் மிச்சம் இருந்தது. சித்தப்பா சாவியைத் திருகினார், திருகினார், பேட்டரி களைக்கும் வரை திருகினார். பின்னால் பஸ்களும் லாரிகளும் சேர்ந்து ஹார்ன் அடித்தன. அவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்து உள்ளே பார்த்தார். உள்ளே அந்தக் கறுப்புப் பெட்டி பச்சை விளக்கு காட்டிக்கொண்டு சுகமாக இருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, எங்கிருந்தோ ஒரு கன்னாஸ் கேனில் டீசல் வாங்கி வந்தார். கேரளத்து டீசல்தான். ஊற்றியும் வண்டி எழும்பவில்லை. வற்றிப்போன டீசல் எஞ்சினில் காற்று ஏறிவிட்டால் அதை வெளியேற்றாமல் ஓடாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சித்தப்பா கேட்டிருக்க மாட்டார்.

"அண்ணா, வண்டிக்கு ஒரு கொறையும் இல்ல. தமிழ்நாட்டு எண்ண சரியில்ல, அதாக்கும்" என்றார். இத்தனை நாள் அந்த எண்ணெயைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதர், அதைக் கைவிட ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பாலத்தில் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டதால் ஆட்டோ எதுவும் உள்ளே வர முடியவில்லை. அக்கா பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு நடந்தாள். அம்மா ஊறுகாய்ப் பையோடு பின்னால் ஓடினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டோ, நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்ஸி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடியிருந்தார்கள். கூடப் போக வேண்டிய பெண்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி அக்காவைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். அக்காவும் கையைத் தூக்கினாள். அடுத்த முறை கூப்பிடுகிறோம் என்றது ஏஜென்சி. கூப்பிடவில்லை.

இன்றைக்கு நான் திருவனந்தபுரத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாரண்டி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெட்டி என்ன செய்தது என்பது இங்கே வந்த முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. எஞ்சினுக்குள் டீசலின் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று அது கணினியிடம் பொய் சொல்லும். கணினி அதை நம்பிக் கூடுதலாக டீசலைத் தள்ளும். தள்ளிய அளவும் குறைவு என்று எண்ணித் திரையில் நல்ல மைலேஜ் காட்டும். அதிகமாகக் குடித்துவிட்டுக் குறைவாகக் குடித்தேன் என்று சொல்கிற வண்டி. முறையாகச் செய்து, நிதானமாக ஓட்டினால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நிதானமாக ஓட்டுகிற மனிதன் அந்தக் கடை வாசலை மிதிப்பதே இல்லை, அவ்வளவுதான். என் மேசைக்கு வருகிறவர்கள் டர்போ போய், கிளட்ச் கருகி, கட்டியிழுத்துக் கொண்டுவருகிறவர்கள். பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர்கள்.

போன மாதம் சித்தப்பா வந்தார். புதுக் கார், வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, டர்போ போய்விட்டது. இந்தக் காலத்தில் பெட்டிகூட வேண்டாம், கணினியின் நிரலையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால் கை வைத்தவன் கை வைத்ததை அந்தக் கணினி குறித்து வைத்துக்கொள்கிறது. எனக்கு முன்னால் திரையில் அது தெளிவாகத் தெரிந்தது.

"ஒண்ணும் செய்யல்ல மக்கா, வந்தபடியே ஆக்கும். நீ நம்ம பிள்ளையில்லா, கொஞ்சம் பாத்துச் செய்யி."

நான் ஒன்று மட்டும் கேட்டேன். "அண்ணைக்கு அமரவிளையில நம்ம வண்டி ஏன் சித்தப்பா நிண்ணுது?"

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "அண்ணைக்கா? எண்ண சரியில்ல."

உதியன்குளங்கரையில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது குழிமந்திச் சோறு விற்கிறார்கள். பழைய காரை யாரோ உடைக்க வாங்கிப் போனார்கள். பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டது, அக்கா புதுப்பிக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், அவளோடு போயிருக்க வேண்டியவர்கள் ஊரில் வீடு கட்டிப் பால் காய்ச்சும்போது கூப்பிடுகிறார்கள், போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். சித்தப்பா மேல் அவளுக்கு வருத்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. எனக்கு உண்டு, அது வருத்தம் என்கிற மரியாதையான சொல்லுக்குள் அடங்குவதும் இல்லை.

வாரண்டி கிடையாது என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். கையெழுத்துப் போட என்னிடமே பேனா கேட்டார், கொடுத்தேன். போட்டுவிட்டு எழுந்து, வெளியே வெயிலைப் பார்த்து, இனி வீட்டுக்கு எப்படிப் போவது என்று தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டார்.

"பஸ்சு உண்டு சித்தப்பா" என்றேன். "அமரவிளைப் பாலத்துல நிக்காம போகும்."