மாமனாரின் ஈசல் டின்

நேற்று சாயங்காலம் மழை விட்டதும் ஈப்போ பக்கத்தில் எங்கள் ஜெலாப்பாங் வீட்டு வாசல் விளக்கை ஈசல் மொய்த்துக்கொண்டது. மருமகள் ஓடிப்போய் ஜன்னலையெல்லாம் சாத்தினாள். "லைட்ட அணைங்க அத்தை, எல்லாம் உள்ள வந்துடும்லா!" என்று கத்தினாள். நான் அணைக்கவில்லை. குளியலறையிலிருந்து ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து வந்து விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை, கை அதுபாட்டுக்குச் செய்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெரியாத அளவுக்கு ஈசல் விழுந்து மிதந்தது. ஈர மண்ணும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை கிளம்பியது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் பதினேழு வயதுப் புதுப்பெண்ணாகத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நின்றுகொண்டிருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. நான் ஈப்போவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். காலையில் ரொட்டியும் காப்பியும், மத்தியானம் சோறு. அந்த ஒரு கர்வத்தோடுதான் தஞ்சோங் ரம்புத்தான் தாண்டியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். போன முதல் வாரமே அந்தக் கர்வம் கரைந்துவிட்டது. அங்கே பெரியவர்கள் தின்ற பண்டங்களைச் சொன்னால் நீங்கள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். மூன்று நாள் புளித்த கேழ்வரகுக் கூழ். அதற்குத் தொட்டுக்கொள்ள, அடுப்பில் நேராகப் போட்டுச் சுட்ட கருவாடு. ஆடு வெட்டினால் ரத்தத்தை வாளியில் பிடித்து வெங்காயம் போட்டுப் பொரிப்பார்கள். சதுப்பில் பொறுக்கிய நத்தையை மிளகு அரைத்துவிட்டுக் கறி வைப்பார்கள். என் மாமனார் அந்த நத்தையை ஊக்கால் நெம்பி எடுத்து உறிஞ்சும் சத்தம் இருக்கிறதே, இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் பின்பக்கம் போய் பீலிக் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

மாமனார் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போனால், திரும்பும்போது மேலெல்லாம் ரப்பர்ப் பால் நாற்றம். அத்தை, அதாவது என் மாமியார், புல்வெட்டுக்குப் போவார். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் வேலை. புதுப்பெண் என்பதால் எனக்கு ஒரு மாதம் வேலைக்குப் போகவேண்டாம் என்று விட்டிருந்தார்கள். இந்த ஓய்வுதான் வினையாகிப் போனது.

ஒருநாள் வீட்டைச் சுத்தம் செய்து நல்ல பெயர் வாங்கலாம் என்று கிளம்பினேன். அடுப்புக்கு மேலே பரணில் ஒரு சதுர பிஸ்கட் டின் இருந்தது. இறக்கித் திறந்தேன். வறுத்த அரிசி. அரிசிக்குப் பாதி பழுப்பு நிறத்தில் பூச்சி! ஐயோ, அரிசியில் வண்டு விழுந்துவிட்டதே, அத்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறதே என்று எனக்கு ஒரே பரிதாபம். முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்தேன். பொறுக்கி மாளவில்லை. எங்கள் அம்மா இப்படிப்பட்ட அரிசியை என்ன செய்வாளோ அதையே செய்தேன். கொல்லையில் இருந்த கோழிகளுக்கு மொத்தத்தையும் வாரி இறைத்தேன். அவை ஒன்றையொன்று கொத்தித் தள்ளிக்கொண்டு தின்றன. கோழிக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நானும் சந்தோஷப்பட்டேன். டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வாசலில் கவிழ்த்தும் வைத்தேன். என்ன ஒரு பொறுப்பு பாருங்கள்!

அத்தை வேலை முடிந்து வந்தார். கவிழ்ந்திருந்த டின்னைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல இருந்தது எங்க புள்ள?"

"பூச்சி விழுந்து கெடந்துச்சு அத்தை. கோழிக்குப் போட்டுட்டேன்."

"அடி பாவி! அது பூச்சி இல்லடி, ஈசலு. மழை காலம் பூரா ஒங்க மாமா புடிச்சுக் காயவச்சு, நான் வறுத்தது. அவரு தம்பி வாராரு, அவருக்கு வச்சது."

அந்தத் தம்பி, ஓயாமல் மழை பெய்யும் தைப்பிங்கை அடுத்த கமுந்திங் பக்கத் தோட்டத்தில் இருந்தார். அண்ணனும் தம்பியும் சொந்த ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்திறங்கி, ஆளுக்கொரு தோட்டமாகப் பிரிந்தவர்கள். வருஷத்துக்கு ஒருமுறைதான் தம்பி வருவார். அவர் வரும்போது இரண்டு பேரும் அந்த டின்னை நடுவில் வைத்துக்கொண்டு, பேசாமல், தீரும்வரை தின்பார்களாம். ஊரில் சிறுபிள்ளையில் அப்படித்தான் தின்றார்களாம். அதைப்போய் நான் கோழிக்குப் போட்டிருக்கிறேன். அவர் வருவதற்கு இன்னும் இரண்டே நாள். ஈசல் கிளம்பும் பருவமும் முடிந்துவிட்டது. மாமனார் என்னை ஈப்போவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார், அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அழ ஆரம்பித்தேன்.

அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "அழாத. டின்னுல பல்லி விழுந்து செத்துக் கெடந்துச்சு, நாந்தான் கொட்டிட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கும் அந்த நாத்தம் ஒழிஞ்சுச்சு, போ. இருவது வருசமா வறுக்கிறேன்!" என்றார். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

மாமனார் வந்து பல்லிக் கதையைக் கேட்டார். டின்னைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தார். கொல்லைப்பக்கம் போய் வேலியோரம் நின்றார். நான் கதவிடுக்கில் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் மறுநாளும் அவர் கூழைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

தம்பி வந்தார். நனைந்த குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுக் காலைக்கூடக் கழுவவில்லை, "அண்ணே, டின்னு எங்க?" என்றார். அத்தை பல்லிக் கதையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"இந்த வருசம் மழையே சரியில்ல தம்பி. ஈசலே கெளம்பல."

தைப்பிங் பக்கத்து மழையிலிருந்து குடையோடு வந்த மனுஷரிடம் சொல்கிற பொய்யா அது! அந்த வருஷம் பெய்த மழையில் பல நாள் பால் வெட்டே நின்றுபோயிருந்தது. தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். "ஆமாண்ணே, அங்கயும் சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். எனக்கு உயிர் வந்தது. மத்தியானம் கோழிக் குழம்பு வைத்தோம். அதே கொல்லைக் கோழிதான். "கோழி நல்லா கொழுத்திருக்கே அண்ணி!" என்று தம்பி எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். மாமனார் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குழம்புச் சட்டியோடு அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

என்னை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. அடுத்த வருஷம் மழை தொடங்கியதும் நானே விளக்கை ஏற்றி, கீழே தண்ணீர்ச் சட்டியை வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அள்ளினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வறுத்தேன். இறகைப் புடைத்து, அரிசியோடு கலந்து, உப்பும் மிளகாய்த் தூளும் போட்டு டின்னில் கொட்டி மாமனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். மூடியை அழுத்தி மூடி டின்னை என்னிடமே திருப்பித் தந்தார்.

"பத்திரமா வையும்மா. இத கோழிக்குப் போட்டுறாத."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னோடு பேசிய நீளமான பேச்சு அதுதான். ஒரு வருஷமாகத் தெரிந்தே இருந்திருக்கிறார். வேலியோரம் நின்ற அன்றைக்கே கோழிகள் கிளறிக்கொண்டிருந்த மிச்சத்தைப் பார்த்திருப்பார். அவர் கண்ணை மூடும்வரை ஒவ்வொரு மழைக்கும் நான்தான் ஈசல் வறுத்தேன். ஒரு தடவைகூட வாயில் போட்டதில்லை. அவரும் ஒரு தடவைகூடத் தின்னச் சொன்னதில்லை.

இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. லயம் இல்லை, பீலி இல்லை. டின் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்றும் தெரியவில்லை. புளித்த கூழும் நத்தையும் ரத்தப் பொரியலும் போனதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அப்பாடா என்றுதான் இருக்கிறது. காலையில் ரொட்டியும் காப்பியும் மறுபடியும் என் கைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது.

ஈசல் ஓய்ந்ததும் மருமகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினை ஒரு காலால் மெல்ல நகர்த்தினாள்.

"இத எங்க கொட்டுறது அத்தை?"

கோழிக்குப் போடு என்று வாய்வரை வந்துவிட்டது. இந்தத் தாமான் குடியிருப்பில் கோழி வளர்க்கிறவர்கள் யாரும் இல்லை. சாக்கடையில் கொட்டச் சொன்னேன்.