திருப்பி எடுத்து வந்த சக்கர நாற்காலி

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், மார்கழி மாதம். அப்போது நாங்கள் விருதுநகரில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சூலக்கரையில் அரசு அலுவலக வேலை. காலையில் அவரும் பிள்ளைகளும் கிளம்பிவிட்டால் வீட்டில் நான் மட்டும்தான். புதிதாக நெட் இணைப்பு வாங்கியிருந்தோம். பழைய பொருட்களை விற்கவும் வாங்கவும் ஓர் இணையதளம் இருப்பதை என் தம்பி காட்டிக்கொடுத்தான். தெரிந்தவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் தையல் மெஷின், மிக்ஸி, குழந்தை சைக்கிள் என்று படம் பிடித்துப் போட்டு விற்றுக் கொடுக்க ஆரம்பித்தேன்.

விற்பது சுலபம். பொருள் கிளம்பிய பிறகு மனசு மாறுகிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. தையல் மெஷின் திருச்சியைத் தாண்டியிருக்கும். அப்போது போன் வரும், வீட்டுக்காரி வேண்டாம்கிறா என்று. இன்னொருவர், படத்தில் நீலமாகத் தெரிந்தது, இப்போது பார்த்தால் பச்சை மாதிரி இருக்கிறது என்பார். கோபப்படாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேச நானும் பழகிக்கொண்டேன். "பொருள் கிளம்பிருச்சு சார், இனி நம்ம கையில இல்ல" என்று சொல்லி முடித்துவிடுவேன்.

அந்த வருடம்தான் என் அப்பா இறந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய், கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். அவருக்காக வாங்கிய சக்கர நாற்காலி வீட்டுக்குள் கிடந்து, போகும்போதும் வரும்போதும் காலில் இடித்தது. யாருக்காவது உபயோகப்படட்டும் என்று அதையும் படம் பிடித்துப் போட்டேன்.

சென்னையில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கும் பையன் கேட்டான். சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சீசன் நேரத்தில் தீப்பிடித்தபோது எல்லோரும் ஓட, இவர் மேல் ஷெட் சுவர் சரிந்துவிட்டது. தீக்காயம் இல்லை, முதுகெலும்பில் அடி. அதிலிருந்து படுக்கைதானாம். அப்பா முன்பே காலமாகிவிட்டார். சித்திதான் பார்த்துக்கொள்கிறார். இவ்வளவும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னது. வங்கியில் பணத்தைப் போட்டுவிட்டு, வீட்டு அடையாளமும் சொன்னான்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கம்பெனிகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஒன்று எங்கள் தெரு வழியாகத் தினமும் போகும். டிரைவர் தெரிந்தவர். பேசி வைத்திருந்த சனிக்கிழமை காலையில் நாற்காலியைத் துடைத்து, சாக்கு சுற்றித் தைத்து ஏற்றி அனுப்பினேன்.

வேன் போய்க் கொஞ்ச நேரத்தில் அந்தப் பையனிடமிருந்து போன்.

"அக்கா, அது வேண்டாங்க்கா. அனுப்பிராதீங்க."

எனக்குச் சலிப்பாகிவிட்டது. இவனுமா என்றுதான் நினைத்தேன். வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகுதான் அழுகிறான் என்று புரிந்தது.

விஷயம் இதுதான். இனி நடக்க முடியாது என்று மதுரையில் டாக்டர் அவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அவன் அம்மாவிடம், கொஞ்ச நாளில் நடந்துவிடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறான். அவரும் நம்பிக்கொண்டு தினமும் தங்கையைக் காலைப் பிடித்து மடக்கச் சொல்லிப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். சனிக்கிழமை ஊருக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லிவிட்டு, பிறகு நாற்காலியைக் காட்டலாம் என்று இருந்தான். கடைசி நேரத்தில் முதலாளி லீவு தரவில்லை. அதை என்னிடம் சொல்ல, முந்தின நாள் முழுக்க அவனுக்கு லைன் கிடைக்கவில்லை.

"அந்தச் சக்கர வண்டியப் பாத்தா அவங்களுக்குத் தெரிஞ்சிரும்க்கா. சித்தி வேலைக்குப் போயிருக்கும். போனு அம்மா தலைமாட்டுலதான் இருக்கு. நான் யாரக் கூப்புட்டுச் சொல்லுவேன்?"

டிரைவரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அந்தப் பையனைக் கூப்பிட்டு, நானே போகிறேன் என்றேன். ஒருவேளை முன்னாலேயே இறக்கியிருந்தால், விலாசம் மாறி வந்துவிட்டது என்று சொல்லி எடுத்து வந்துவிடுங்கள் என்றான். சேலையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. எதிரே வரும் வேனையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

விசாரித்து அந்த வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. சாக்கைப் பிரித்து, நாற்காலியை வாசலுக்கு உள்ளே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அதன் சக்கரத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் அந்த அம்மா படுத்திருந்தார். எனக்குச் சில வயது மூத்தவராக இருக்கலாம். தலையில் ஒரு நரைகூட இல்லை. அவர் கண் நாற்காலி மேலேயே இருந்தது.

"வாங்க. யாரு நீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். "இது வேற வீட்டுக்குப் போக வேண்டியதுங்க. அட்ரஸ் மாறி இங்க எறக்கிட்டாங்க."

"மாறலயே, இவ பேரச் சொல்லித்தான எறக்குனாக" என்று அவள் ஆரம்பிக்கவும், கட்டிலில் இருந்தவர், "ஏடி, நீ போயி அடுப்பப் பாரு. நான் பேசிக்கிருதேன்" என்றார். அவள் போனாள்.

"உக்காருங்க தாயி. எம் மவன் போன் போட்டானா?"

நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"அட்ரஸ் மாறிருச்சுன்னு சொல்லச் சொன்னானாக்கும்."

"ஆமாக்கா" என்றேன். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நடந்துருவம்மா, நடந்துருவம்மான்னு சொல்லும்போதெல்லாம் அவனுக்குத் தொண்ட கம்மும். பட்டணத்துத் தண்ணி ஒத்துக்கிடல, சளி புடிச்சிருக்குன்னுல்ல நெனச்சேன். வெந்நி குடிலேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அழவில்லை. நாற்காலியைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். கையை நீட்டிக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். தேய்ந்திருந்த இடத்தில் விரல் நின்றது.

"இதுல யாரு இருந்தாக?"

"எங்கப்பா."

"நல்லா இருந்தாகளா?"

"தெருமுக்கு டீக்கடை வரைக்கும் நல்லா இருந்த கையாலயும் காலாலயும் அவரே உருட்டிட்டுப் போவாருக்கா. அதுல ஒரு சந்தோஷம்."

"அவுக வயசாளி" என்றார் அவர். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

நான் அந்த நாற்காலியை அதுவரை நல்ல பொருளாகத்தான் நினைத்திருந்தேன். முடங்கிக் கிடந்த என் அப்பாவை அது தெருவுக்குக் கூட்டிப் போயிற்று. அதே பொருள் இன்னொரு வீட்டு வாசலில், எழுந்துவிடலாம் என்று காத்திருந்தவரிடம், இனி இல்லை என்று சொல்லிக்கொண்டு நின்றது.

நான் கிளம்ப எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "தாயி, ஒரு உதவி செய்யிங்க. நான் பாத்தேன்னு அவன்ட்டச் சொல்லிராதீக. வண்டி எறங்குறதுக்கு முன்னயே வந்து எடுத்துட்டுப் போயிட்டேன்னு சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரிக்கும் எந்தங்கச்சிக்கும் நான் சொல்லிக்கிருதேன். அங்கன ஒத்தையில கெடக்கான். அம்மா தெரிஞ்சுக்கிட்டா, பக்கத்துல நாம இல்லையேன்னு வெந்து போவான்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதாக்கா?"

"எனக்கு என்ன, படுத்துத்தான கெடக்கேன்."

நாற்காலியை உருட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். அந்த வேன் திரும்பி வரும்வரை ஒரு வேப்பமரத்தடியில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். கம்பெனி வேன் ஒன்றில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்கள். எல்லாருடைய தலையும் காலியாக இருந்த நாற்காலி பக்கம் திரும்பியது. என் போன் அடித்தது.

"அக்கா, அம்மா பாக்கலதான?"

"பாக்கல தம்பி. எறங்குறதுக்குள்ள வந்துட்டேன்."

அவன் அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ சொன்னான். நீங்கள் நல்லா இருக்கணும் என்றான். நான் சரி சரி என்று மட்டும் சொன்னேன். என் தொண்டையும் கம்மியிருந்தது. அவன் கவனிக்கவில்லை.

பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நாற்காலியை மறுபடி விற்பனைக்குப் போட மனசு வரவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவன் எங்கள் வீட்டுக்கே வந்தான். மெலிந்த பையன், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. அந்த நாற்காலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

"அம்மாட்டச் சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"எங்கக்கா சொல்ல? நாலு தடவ வாயத் தெறந்தேன், வரல. அம்மாவே ஒரு நாள், ஏலே, கால் வாறபோது வரட்டும், அதுவரைக்கும் வாசல்ல போயி உக்கார ஒரு சக்கர வண்டி கெடச்சா வாங்கியான்னு சொல்லிட்டாங்க." அவன் முகத்தில் பெரிய பாரம் இறங்கிய தெளிவு. "கடவுள் புண்ணியத்துல அவங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுக்கா. நடந்துருவோம்னே இருக்காங்க."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். காபி போடுவதாகச் சொல்லிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அவன் நாற்காலியை மடக்கி, ஒரு ஆட்டோவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனான். அதன் பிறகு எங்களுக்கும் வேறு ஊருக்கு மாற்றல் ஆயிற்று. அவர்களைப் பற்றி எந்தச் செய்தியும் தெரியாது. இன்றும் நான் இணையத்தில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், அனுப்பிய பிறகு வேண்டாம் என்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களிடம் அந்தப் பழைய பதிலைச் சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை; தனக்கு இல்லாத நம்பிக்கையை மகனுக்காக முகத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயைத்தான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.