அமுதத்தின் மெட்டு

சிலுவைராஜ் அந்தமானில், போர்ட் பிளேயரில், படகுப் பட்டறை ஒன்றில் எஞ்சின் பிட்டர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வீடு பக்கத்துக் குடியிருப்பான கராச்சர்மாவில். மெயின்லேண்டுக் கப்பல் வராத நாட்களைப் பற்றி 1961-ல் அவர் ஒரு பாட்டுக் கட்டினார்.

"வெங்காயம் தீர்ந்துபோச்சு, மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு, வீட்டுக்காரி முகம் மறந்துபோச்சு, கப்பலே, எங்கே நிக்கே?"

தகர டின்னில் தாளம் போட்டு வேகமாகப் பாடுவார். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விழாவிலும் அதைக் கேட்டுச் சனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தமிழ் தெரியாத வங்காளிகள்கூட "பிர் ஸே, பிர் ஸே" என்று மறுபடி பாடச் சொல்வார்கள்.

1969 விழாவில், குமாஸ்தா அருள்நாதனின் மனைவி அமுதம் மேடை ஏறினாள். மெயின்லேண்டிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் பாடியதும் அதே பாட்டுத்தான். ஆனால் தாளமே இல்லாமல், இழுத்து இழுத்து, யாரையோ கூப்பிடுவதுபோலப் பாடினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிலுவைராஜ் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி சிசிலியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்ததும் நேராக அமுதத்திடம் போனார்.

"யாரைக் கேட்டு என் மெட்டை மாத்துன?"

அவள் பயந்துபோனாள். "மெட்டு எனக்குத் தெரியாதுண்ணே. நான் கப்பலுக்குக் காத்துக் கெடந்தப்ப இவுக லெட்டர்ல வரியை மட்டும் எழுதி அனுப்புனாக. படிக்கப் படிக்க இப்படித்தான் வந்துச்சு."

"ஒரு எழுத்தாவது மாத்தியிருந்தா சண்டை போடலாம்" என்று வீட்டில் பொருமினார். பிறகு சிசிலியாவிடம் திரும்பினார். "எட்டு வருஷமா நான் பாடுறேன். ஒரு நாள் அழுதியா நீ?"

"நீங்க சிரிக்கல்லா வச்சீங்க."

அந்தப் பாட்டைக் கட்டிய வருடம் சிசிலியா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். பிறந்த பிள்ளை எட்டாம் நாள் செத்தது. கப்பல் இல்லாததால் அவர் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதும் இல்லை.

அதன்பின் இரண்டு வருடம் அவர் மேடை ஏறவில்லை. அமுதம்தான் பாடினாள். அவள் பாடும்போது தொண்டை கமறாதா, ஒரு வரியாவது மறக்காதா என்று காத்திருப்பார். ஒருமுறைகூட மறக்கவில்லை. கைதட்டல் ஒவ்வொன்றும் அவர் நெஞ்சில் விழுந்தது. பட்டறையில் யாராவது அவள் மெட்டை முனகினால் சுத்தியலை ஓங்கி அடிப்பார்.

1972-ல் அருள்நாதனுக்கு நிக்கோபார் பக்கம் கட்சால் தீவுக்கு மாற்றல்; அமுதமும் கூடப் போய்விட்டாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு சிலுவைராஜ் தகர டின்னோடு மேடை ஏறினார். இரண்டு வரிதான் பாடியிருப்பார்.

"அண்ணே, மெட்டுத் தப்பு!" என்று கீழேயிருந்து ஒரு குரல். "அமுதம் பாட்டு அப்படி இல்ல!"

டின்னைக் கீழே வைத்தார். கண்ணை மூடி, அவள் பாடியபடியே மெதுவாகப் பாடினார். வீட்டுக்காரி முகம் மறந்துபோன வரியில் குரல் உடைந்தது.

வீட்டுக்கு நடக்கையில் சிசிலியா மெல்லக் கேட்டாள். "இப்பவும் அமுதம் மேல கோவமா?"

"கோவம் இல்ல, பொறாமை" என்றார். "இந்த மெட்டு எனக்குல்லா தோணியிருக்கணும்."