எந்த மெஷின் எந்த வீட்டில்

நோயாளிகளுக்கு வீட்டில் வேண்டிய சாமான்களை வாடகைக்கு விடும் அந்தக் கடையில் அவளை எல்லோரும் டேட்டாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த மெக்கானிக்கும் அப்படியேதான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவள் அங்கே வந்தது வேலை கேட்டு அல்ல. முன்பு பெரிய கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். அம்மாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் இந்தக் கடையிலிருந்துதான் போனது. அம்மாவை ஆண்டவன் எடுத்துக்கொண்ட பிறகு, மெஷினைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கவுண்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

எந்தச் சாமான் எந்த வீட்டில் இருக்கிறது என்பது முழுக்க அந்தப் பலகையில்தான் இருந்தது. யாராவது தோளை உரசிக்கொண்டு போனால் இரண்டு சக்கர நாற்காலிகள் உலகத்தை விட்டே அழிந்துபோகும். முதலாளியம்மா போனில் யாரிடமோ, "சார், எங்க கட்டில் உங்க வீட்லதானே இருக்கு? இல்லையா? அப்ப யாரு வீட்ல படுத்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கட்டில் படுக்காதும்மா, மனுஷங்கதான் படுப்பாங்க" என்றாள் இவள், தன்னை மறந்து.

முதலாளியம்மா போனைக் கீழே வைத்தார். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலைந்து சக்கர நாற்காலிகளோடு ஆரம்பித்த தொழில், அவருடைய கைராசியோ ஆண்டவன் கருணையோ, நான்கு கடைகளாக வளர்ந்திருந்தது. பலகை மட்டும் வளரவில்லை. "உனக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்டார். வரும் என்றாள். அடுத்த வாரமே கவுண்டரில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டாயிற்று.

அதற்குள் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து, ரெடிமேடாக ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, ஊரில் பாதிக் கடைகளில் இதுதான் ஓடுகிறது என்று காட்டினார். டேட்டாக்கா பொறுமையாகப் பார்த்தாள்.

"ஒரு கட்டில் வெளிய போனா என்ன ஆகும்?"

"ஸ்டாக்ல இருந்து கழிஞ்சிடும் மேடம்."

"திரும்பி வந்தா?"

"ரிட்டர்ன்னு போட்டுக்கலாம். எப்பவாவது ஒண்ணு ரெண்டு வரும்ல?"

"எங்களுக்குப் போறது எல்லாமே திரும்பி வரணுங்க."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். "தம்பி, பொண்ணக் கட்டிக் குடுக்கறதும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறதும் ஒண்ணா? எங்க பொண்ணுங்க சாயங்காலம் வீட்டுக்கு வந்தாகணும். நீங்க டீ சாப்பிட்டுப் போங்க."

இப்படித்தான் அந்தக் கடைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு அமைப்பைக் கட்டும் வேலை அவள் தலையில் விழுந்தது. எடுத்தவுடன் அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வீடு வீடாகப் போனாள். திரும்பி வந்த சாமான்களைக் கழுவும் இடத்தில் கால் நனைய நின்றாள். எது எப்போது யார் கைக்கு மாறுகிறது, மாறும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். ஆரம்பத்தில், "இந்தம்மா வேலை பாக்க வந்ததா, வேடிக்கை பாக்க வந்ததா?" என்று வேன்காரர் கேலி செய்தார். சந்துக்குச் சந்து ஹாரன் அடிப்பதால் அவருக்கும் ஹாரன் என்றே பேராகிவிட்டது.

பிறகுதான் கட்டினாள். நல்ல சமையற்கட்டில் பருப்புக்கு ஒரு டப்பா, உப்புக்கு ஒரு டப்பா இருப்பதுபோல, சாமான்களுக்கு ஓர் இடம், வீடுகளுக்கு ஓர் இடம், ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக ஓர் இடம் வைத்தாள். நான்கு கடையிலும் கடைக்கொரு ஒன்றாம் நம்பர் நாற்காலி இருந்தது. எல்லாவற்றுக்கும் புது நம்பர் கொடுத்து ஸ்டிக்கர் ஒட்டினாள். ஆக்சிஜன் மெஷின்களுக்கு, வேனில் ஏற்றும்போது கண்ணில் படட்டும் என்று, அகலமான பின்மூடியில் ஒட்டி, உள்ளே இருக்கும் மோட்டார் நம்பரையும் ஒரு தடவை குறித்துக்கொண்டாள். ஒரு சட்டத்தில் மட்டும் யார் சொல்லியும் இறங்கி வரவில்லை. கட்டில் வீடு மாறினால் பழைய வீட்டை அழித்துவிட்டுப் புது வீட்டை எழுதக்கூடாது. பழையது அப்படியே இருக்கும். அதன் கீழே இன்னொரு வரி வரும். அவ்வளவுதான்.

பலகையைக் கழற்றிய அன்று முதலாளியம்மா அதற்குக் கற்பூரம் காட்டாத குறை.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு காலை, மெஷின் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. குறிப்பிட்ட மோட்டார்கள் சிலவற்றில் பழுது இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகலாம். உடனே திரும்ப எடுத்துவிடுங்கள். கூடவே சில நம்பர்கள். அதில் ஒன்று இவர்கள் வாங்கியது.

முதலாளியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த மெஷின் போகிற வீட்டில் அதுதான் ஒருவருக்கு மூச்சு. "எங்கம்மா இருக்கு அது?"

டேட்டாக்கா தட்டினாள். "நம்ம குடோன்லயே இருக்கு. ரெண்டாவது தட்டு."

"அப்பாடா! ஆண்டவன் இருக்கான்" என்று முதலாளியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பலகை இருந்திருந்தால் என்ன கதியாகியிருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மெக்கானிக் மெஷினை மேஜைமேல் வைத்துப் பின்மூடியைக் கழற்றினார். மோட்டார்மேல் பொறித்திருந்த நம்பரை டார்ச் அடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"டேட்டாக்கா, இது அது இல்லையே."

"ஸ்டிக்கர் அதுதானே அண்ணே?"

"ஸ்டிக்கர் அதுதான். ஆளு வேற."

அப்புறம் அவரே மெதுவாகச் சொன்னார். வேனில் இடிபட்டுப் பின்மூடி விரிசல் விடும். அவசரத்துக்குச் சும்மா இருக்கும் ஒன்றின் மூடியைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டி அனுப்புவார். விரிசல் விட்ட மூடியைப் பிறகு ஒட்டிச் சரிசெய்து, சும்மா இருந்ததற்கு மாட்டிவிடுவார். வருஷக்கணக்காக அப்படித்தான். "மூடிதானேன்னு நெனச்சேன். எதை எதுக்கு மாட்டினேன்னு இப்ப கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அந்த மெஷின் வேறொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கோ ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"எல்லா வீட்டுக்கும் போன் போட்டுருவோமா?" என்றார் ஹாரன்.

"மெஷின் நின்னு போகலாம்னு மூச்சுக்குத் தவிக்கறவங்ககிட்ட சொல்லுவியா? மெஷின் நிக்கறதுக்கு முன்னாடி அவங்க நெஞ்சு நின்னுடும்" என்றார் முதலாளியம்மா. "நாலு கடையிலயும் வேன் அனுப்பி ஒவ்வொண்ணா மாத்தறதுன்னா, அத்தனை மெஷினுக்கு எங்க போறது?"

டேட்டாக்கா கண்ணை மூடினாள். அவள் உதடு அசைந்ததைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மூடி என்பது சட்டை. சட்டையை மாற்றினாலும் உடம்போடு போகாமல் நிற்பது எது?

"அண்ணே, எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு காட்டற மீட்டர் எதுல இருக்கு? மூடியிலயா, உள்ளயா?"

"உள்ளதாம்மா. பாடியிலயே."

மெஷின் வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும், ஃபில்டர் மாற்றுவதற்காக அந்த மீட்டரைப் பார்த்துக் கழுவும் இடத்துப் பெண்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். ஒன்றும் அழியாததால் எல்லாத் தடவையும் வரிசையாக இருந்தது. அவள் ஒவ்வொரு நம்பராக எடுத்து விரலை ஓட்டிக்கொண்டே போனாள். மனுஷன் மாதிரிதான் மீட்டரும். ஏறுமே தவிர இறங்காது. பெரும்பாலானவை ஏறிக்கொண்டே போயின. தேடிய ஸ்டிக்கருக்கு ஓரிடத்தில் சடாரென்று இறங்கியிருந்தது.

"பாருங்க, இதுக்கு வயசு கொறைஞ்சிருக்கு. எந்த மெஷினாவது இளமையாகுமா?"

அதே வாரத்தில், அதுவரை குடோனை விட்டு நகராத இன்னொரு நம்பருக்கு, வெளியே போகும்போதே வயது கூடியிருந்தது. முதல் மெஷின் எங்கே விட்டதோ, அங்கிருந்து இது தொடங்கியது. இரண்டும் சட்டை மாற்றிக்கொண்ட வாரம் அது. அந்த இன்னொரு நம்பர் இப்போது, ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர் வீட்டில் இருந்தது.

போன் போட்டார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. முதலாளியம்மா மறுபடி போடச் சொன்னார். எடுக்கவில்லை.

வேனில் மாற்று மெஷின் ஒன்று ஏறியது, ஒரு சிலிண்டர் ஏறியது, மெக்கானிக் ஏறினார், டேட்டாக்கா ஏறினாள். வழக்கமாக அந்த ஹாரனுக்குத் திட்டுபவள் அன்று, "இன்னும் அடிங்க" என்றாள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அந்தச் சத்தத்தில் போன் அடித்ததையே கேட்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் மூச்சு வாங்க நுழைந்ததைப் பார்த்து, "என்னை விட நீங்கதான் இளைக்கறீங்க. எடம் இருக்கு, உள்ள தள்ளி நில்லுங்க" என்றார் கண்டக்டர்.

"மெஷின் மாத்தணும் ஐயா. சர்வீஸு" என்றாள் அவள்.

"நல்லாத்தானேம்மா ஓடுது?" என்றார் மனைவி.

"நல்லா ஓடும்போதே மாத்திடலாங்கம்மா."

குழாயைச் சிலிண்டருக்கு மாற்றி, மெஷினை நிறுத்தி, அங்கேயே மூடியைத் திறந்தார் மெக்கானிக். டார்ச் வெளிச்சத்தில் நம்பரைப் படித்தார். எழுத்துக்கு எழுத்து அதுதான். டேட்டாக்கா சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். புது மெஷின் ஓட ஆரம்பித்து, கண்டக்டர் விரலில் மாட்டிய, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி நல்ல எண் காட்டிய பிறகுதான் எழுந்தாள். அவர்களிடம் மீதி விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்தவர், வெகுநேரம் விடவில்லை.

திரும்பி வந்ததும் முதலாளியம்மா மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்தக்கூடாதாய்யா?"

டேட்டாக்காதான் நடுவில் வந்தாள். "அவர் எங்கம்மா சொல்லுவாரு? மூடி மாத்தினா எழுதறதுக்கு நான் ஒரு இடமே வைக்கலையே. கழட்டற பொருள் மேல ஸ்டிக்கர் ஒட்டினதும் நான்தான். வேன்ல போனேன், கழுவற இடத்துல நின்னேன். ரிப்பேர் மேஜைகிட்ட உக்காரல. அது என் தப்பு."

பிழையைப் பிறர் தலையில் இறக்கி வைக்க இத்தனை சுலபமான வழி இருந்தும் அதன் பக்கம் திரும்பாத மனசு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மறுநாளே கட்டியதைப் பிரிக்க ஆரம்பித்தாள். மெஷினின் அடையாளம் இனி மோட்டார் நம்பர். மூடிக்குத் தனி வரலாறு, ஃபில்டருக்குத் தனி வரலாறு. எது எதோடு எந்த நாளிலிருந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு வரி. தவறாகப் பதிந்த பழைய வரிகளை எடுத்துவிடலாமே என்று முதலாளியம்மா கேட்டபோது, அவை இருக்கட்டும் என்றாள். "இது தவறு, உண்மை இது" என்று ஒவ்வொன்றின் கீழும் புது வரி எழுதினாள்.

இப்போது அவள் மேஜை, ரிப்பேர் மேஜைக்கு எதிரில் இருக்கிறது. மெஷின்கள் ஒவ்வொன்றாக வரும்போது மெக்கானிக் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து நம்பரைச் சொல்கிறார், அவள் ஏற்றுகிறாள்.

"அண்ணே, கடைசி எழுத்து மூணா எட்டா?"

"எட்டு மாதிரிதான் இருக்கு."

"மாதிரியெல்லாம் வேணாம் அண்ணே."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிகிறார்.