மான்மேல் மண்ணாங்கட்டி எறிந்த சங்கம்

உடம்பில் சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சென்னையில் நடப்பதற்கு இடம் தேடி அலைந்ததிலேயே பாதிச் சர்க்கரை குறைந்திருக்கும். கடைசியில் கிண்டிப் பூங்காவில் போய்ச் சேர்ந்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிமான் நின்றது. முறுக்கிய கொம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு. ஓர் அம்மாள் டிபன் பாக்ஸிலிருந்து தயிர்சாதம் எடுத்து நீட்ட, அது வந்து கையிலேயே தின்றது. வெயில் பட்ட புல்லும் ஈரக் கம்பளியும் கலந்தது போல ஒரு வாடை என் பக்கம் வீசியது. நடக்கப் போனவன் உட்கார்ந்துவிட்டேன். என் கை தன்னால் தரையில் மண்ணாங்கட்டி தேடியது.

பதற வேண்டாம். ஒரு காலத்தில் மான்மேல் மண்ணாங்கட்டி எறிவதுதான் என் உத்தியோகம். அதுவும் மானைப் பாதுகாக்கும் சங்கத்தில்.

ஐம்பதுகளின் தொடக்கம். பி.ஏ. பரீட்சையை எனக்குப் பிடித்துப்போய் இரண்டு தடவை எழுதியிருந்தேன். சர்க்கார் எனக்கு வேலை தரும் அவசரத்தில் இல்லை. சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் வனப்பிராணிகள் பாதுகாப்புச் சங்கம் என்று ஒரு போர்டு தொங்கியது. கிளார்க்காகச் சேர்ந்தேன். கீழே பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாடை மேலே ஏறி வந்து எங்கள் கடிதங்களில் எல்லாம் படிந்திருக்கும். கலெக்டர் ஆபீசில் எங்கள் மனுவை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று டாக்டர் சொல்வார்.

டாக்டர்தான் சங்கத்தின் தலைவர். ஊரில் கைராசிக்காரர் என்று பெயர். இளமையில் பெரிய வேட்டைக்காரர். ஒருநாள் துப்பாக்கியைத் துணி சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால் மருந்து எழுதத் தொடங்கிவிடுவார். அவருக்காக வலை கட்டி மான் மடக்கிக் கொடுத்த முத்தையாதான் சங்கத்தின் காவல்காரர். முத்தையாவின் மனைவி பேச்சியம்மாளுக்கு எந்தப் பதவியும் கிடையாது, ஆகவே எல்லா வேலையும் அவள்தான் செய்தாள்.

"ரெண்டு பேருமாச் சேந்து தின்னது போக மிச்சத்தக் காப்பாத்துதாக" என்பாள். டாக்டர் காதில் விழும்படியேதான் சொல்வாள்.

மிச்சம் இருபத்து மூன்று. ஊருக்கு வெளியே கரிசல் காட்டில், ஓர் ஓடைக்கரையில் மேய்ந்தன. முதல் நாள் முத்தையா என்னை அங்கே கூட்டிப்போனார். அப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை. வாயைப் பிளந்து நின்றேன். முத்தையா குனிந்து ஒரு கட்டியை எடுத்து அந்த அழகின்மேல் வீசினார். கூட்டம் முழுதும் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"இதான் கிளார்க்கையா வேல. நம்மளக் கண்டா ஓடணும். ஓடுதுன்னா உசுரோட இருக்கும். நின்னு பாத்துச்சுன்னா எவன் வீட்டுச் சட்டியிலயோ கெடக்கும்."

தினமும் காலையில் இதே வேலை. டாக்டர்கூட சைக்கிளில் வந்து பத்துக் கட்டி எறிந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி திறப்பார்.

நான் படித்தவன் அல்லவா? ஆசிரமத்து மான்கள் முனிவர் மடியில் தலை வைத்துத் தூங்கும் காவியமெல்லாம் மனப்பாடம். எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் மழை பொய்த்தது. குருவிகுளம் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரிகள் தீவனம் இல்லாமல் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஓடை காய்ந்தது. கரையில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற முடிவானது. தாகத்துக்கு வருவதைக் கட்டியால் அடிப்பது பாவம் என்று நான் கூட்டத்தில் பேசினேன். நன்றாகப் பேசினேன் போலிருக்கிறது, டாக்டர் ஒப்புக்கொண்டார். முத்தையா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பேச்சியம்மாள் வண்டி ஓட்டுவாள். அச்சுக்கு மை போடாத வண்டி. அதன் கிரீச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். முதல் வாரம் மான்கள் தூரத்தில் நின்றன. இரண்டாம் வாரம் கிட்டே வந்தன. ஒரு மாதத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து தொட்டியைச் சுற்றி நின்றன. கூட்டத்துக்குத் தலைமையான கலைமான் என் வேட்டி நுனியை முகர்ந்து பார்த்தது. அன்று முழுக்க நான் அந்த வேட்டியை மாற்றவில்லை.

அந்தப் பெருமையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது. முத்தையாவுக்கு எழுத்து தெரியாது. சைக்கிள் கடை வாசலில் நின்று வாசித்துக் காட்டினேன்.

"எந்த ஓடைன்னு போட்டிருக்கா?" என்றார்.

"போட்டிருக்கு அண்ணாச்சி."

"எத்தன மணின்னு?"

"அதுவும்தான். வண்டிச் சத்தம் கேட்டா பிள்ளைகள் மாதிரி ஓடி வரும்னுகூட எழுதியிருக்கேன்."

அவர் காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதுக்குக் கட்டியா எறிஞ்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் கழித்து ஒருநாள் காலை. பேச்சியம்மாளும் நானும் பாதி வழியில் இருக்கும்போதே வெடிச் சத்தம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தொட்டிக்கரையில் வேறொரு வண்டி நின்றது. அதிலும் ஒரு பீப்பாய், அதன் அச்சும் மை காணாதது. வெளியூர்க்காரர்கள் நாலு பேர், கையில் துப்பாக்கி, பையில் லைசென்ஸ். எல்லாம் முறைப்படி. தரையில் பதினாறு கிடந்தன. ஒன்றுகூட ஓட முயன்ற மாதிரி இல்லை. தொட்டிக்கு முகம் காட்டியே விழுந்திருந்தன. அந்தக் கலைமானும் அங்கே கிடந்தது.

அவர்களில் ஒருவர் நான் யார் என்று தெரிந்ததும் கை குலுக்கினார். "நீங்களா எழுதினது? அப்படியே கண்ணால பாத்த மாதிரி இருந்தது சார்."

எழுத்தாளனுக்கு முதல் வாசகர் வாய்ப்பது பெரிய விஷயம் என்பார்கள். எனக்கு அப்படி வாய்த்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. கட்டுரையை வாங்கி மறுபடி ஒருமுறை முழுதும் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீரு வே. அதுதான் வினை" என்றார்.

மீதம் ஏழு. மழை இன்னும் வரவில்லை. தண்ணீர் ஊற்றாவிட்டால் செத்துவிடும், ஊற்றினால் நம்பிவிடும். முத்தையா ஒரு வழி சொன்னார். வண்டி கூடாது. மான்கள் தள்ளிப் போயிருக்கும் உச்சி வேளையில் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து தொட்டியை நிரப்ப வேண்டும். விடியற்காலை குடிக்க வரும்போது, குடித்து முடிந்ததும், கட்டி. டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டுத் தோளில் குடம் சுமந்தார்.

"பாத்து அய்யா, தண்ணி பூரா கோமணத்துக்குப் போவுது" என்றாள் பேச்சியம்மாள். அந்த நிலைமையிலும் டாக்டர் சிரித்துவிட்டார்.

ஆனால் மான்கள் ஓடவில்லை. முத்தையா எறிந்தால் நாலடி விலகி, திரும்பி, என்னைப் பார்த்து நின்றன.

"நீங்க எறியுங்க" என்றார் முத்தையா. "ஒங்களத்தான் அதுக நம்பியிருக்கு. நீங்க அடிச்சாத்தான் விட்டுப்போவும்."

எறிந்தேன். கட்டிகள் எல்லாம் மானைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுந்தன.

"எழுதும்போது மட்டும் குறி தப்பலயே கிளார்க்கையா" என்றாள் பேச்சியம்மாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, ஒரு சினைமான் என்னை நோக்கி நடந்து வந்தது. பெரிய கட்டியாக எடுத்து அதன் விலாவில் அடித்தேன். மண் உடைந்து சிதறியது. அது நின்று என்னைப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். பிறகு எழும்பிற்று. ஏழும் பறந்தன. புழுதி அடங்கும்வரை நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"போவுது" என்றார் முத்தையா. அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் ஒரு சொல்லைச் சொல்லி அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. தொட்டி தானே நிரம்பியது. ஈர மண்ணில் குளம்புத் தடம் தேடினோம். ஆட்டுத் தடம்தான் இருந்தது. வாரா வாரம் நான் அறிக்கை எழுதினேன்: "இவ்வாரமும் மான்கள் கண்ணில் படவில்லை. ஆகவே பாதுகாப்பாக இருப்பதாகக் கருத இடமுண்டு." டாக்டர் ஒரு சொல்கூடத் திருத்தாமல் கையெழுத்துப் போடுவார். அவர் காலமான வாரம் வரைக்கும் போட்டார். பிறகு போர்டை இறக்கினோம். முத்தையாவும் பேச்சியம்மாளும் பருத்தி மில் பக்கம் பிழைக்கப் போனார்கள்.

அதன் பிறகு நான் எவ்வளவோ எழுதிக் குவித்துவிட்டேன். இதில்கூட அந்த ஓடையின் பெயரையோ, எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதையோ நான் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். சொன்னால்தான் என்ன? போன வருஷம் போய்ப் பார்த்தேன். ஓடையைத் தூர்த்து மிளகாய் போட்டிருக்கிறார்கள். பம்புசெட் ஓடுகிறது. யாரும் அங்கே போய் எதையும் சுட முடியாது. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.